கிளட்ச் மோட்டாரும் கீழ்வீட்டுக்காரரும்

கீழ்வீட்டுக்காரர் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன சீட்டில் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. இரவில் என் வீட்டில் ஏதோ ஓர் இயந்திரம் ஓடுவதாகத் தோன்றுகிறது, அதைப் பகலில் ஓட்ட இயலுமா என்று மிகுந்த பணிவோடு கேட்டிருந்தார். ஊரில் என்றால் மாடிப்படியடியில் நின்று ஒரு கத்துக் கத்தியிருப்பார்கள். நாமும் பதிலுக்குக் கத்தியிருப்போம். மறுநாள் அவர்கள் வீட்டு ரவிக்கையே நம்மிடம் தைக்க வந்திருக்கும். இந்தப் பணிவுதான் சுருக்கென்றது.

அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. மூடப்பட்ட ஒரு தையற்கூடத்திலிருந்து நான் வாங்கிய பழைய ஜூக்கி டிடிஎல் 8700 என்ற தொழிற்கூடத் தையல் மெஷினின் மேசைக்கடியில் இருந்தது கிளட்ச் மோட்டார். சுவிட்சைப் போட்ட கணத்திலிருந்து, பெடலை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும், அது முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். மிதிக்கும்போதுதான் கிளட்ச் பிடித்து அந்த வேகம் பெல்ட்டுக்குப் போகும். அந்த ஓயாத முனகல் மேசைக்கால் வழியாக மரத்தளத்தில் இறங்கி அவருடைய படுக்கைவரை போயிருக்கிறது.

மிதித்தால் மட்டுமே சுற்றும் சர்வோ மோட்டாரை வாங்கிப் பொருத்தினேன். கைச்சக்கரம் நம்மை நோக்கிச் சுற்றுகிறதா என்று பார்த்தேன். நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் 1.5 செ.மீ. அமுங்கும் அளவுக்குப் பெல்ட்டை இறுக்கினேன். மேசைக்கால்களுக்குத் தடித்த ரப்பர் வைத்தேன். இப்போது ஊசி துணியைக் குத்தும் ஓசை மட்டுமே கேட்கிறது.

இந்த நாட்டு அமைதி பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நீண்ட ஓரம் தைக்கும்போது, கவனம் சற்றுத் தளர்ந்தால் போதும், கால் தானாகவே பழைய மிதி மெஷினை ஓட்டத் தொடங்கிவிடுகிறது. முன்பாதம், குதிகால், முன்பாதம் என்று அது ஆட, சர்வோ ஓடி நின்று, ஓடி நின்று, தையல் விக்கிக்கொண்டு நகர்கிறது.

உதிரிபாகம் எதைக் கேட்டாலும் இங்கே வாசலுக்கே வந்துவிடுகிறது. அதை மாட்டும்போது பக்கத்தில் நின்று அதட்டத்தான் ஆளில்லை. ஊரில் எங்கள் மெக்கானிக் தெருவில் வரும்போதே சத்தத்தைக் கேட்டு, "ஊசிய மாத்தும்மா, அப்புறம் மத்ததப் பாக்கலாம்" என்பார். இங்கே தையல் இடையிடையே விழாமல் தாண்டியபோது நானும் ஊசியிலிருந்தே தொடங்கினேன். இதற்கான டிபி×1 ஊசியின் தண்டு முழு வட்டமானது. வீட்டு மெஷின் ஊசியைப்போல் ஒரு பக்கம் தட்டையாக இராது. அதனால் நீண்ட பள்ளம் இடப்பக்கம் நிற்கிறதா என்று கண்ணால்தான் பார்த்து மாட்ட வேண்டும். அதன் பிறகும் தாண்டியதால், ஊசி கொண்டுவரும் மேல்நூலைப் பிடித்து அடிநூலோடு கோக்கும் ஹூக்கைத் தளர்த்தினேன். அடிமட்டத்திலிருந்து ஊசி ஏறத்தாழ 2 மி.மீ. மேலேறும்போது ஹூக்கின் முனை ஊசியின் மையத்துக்கு வர வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி 0.1 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. டார்ச் வெளிச்சத்தில் குனிந்து, கைச்சக்கரத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தித் திருகை இறுக்கியபோது, முதுகு ஒடிந்ததையும் மீறி ஒரு கர்வம் வந்தது என்பதை மறைப்பானேன்! மடித்த ஜீன்ஸ் துணியில்கூட இப்போது தையல் தாண்டுவதில்லை. மெஷினுக்கடியிலுள்ள தொட்டியில் எண்ணெய்தான் கறுத்துக் கிடக்கிறது. அதை வடித்துவிட்டு, மேல்கோட்டுவரை வெள்ளை எண்ணெய் ஊற்ற வேண்டும்.