உள்ளே போய் வந்தவன் பப் நடத்தலாமா?

ஒருவனின் மூக்கை உடைத்ததற்காக உள்ளே போனவன் நான், அதுவும் ஒரு பப் வாசலில் வைத்து. இன்று தெற்கு லண்டனில் நானே பப் நடத்துகிறேன். எப்படி விட்டார்கள் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், பதில் சொல்லி அலுத்துவிட்டது, எழுதிவிடுகிறேன்.

2020 ஜனவரியில் 10 மாதம் தீர்ப்பானது. பாதி முடிந்து ஜூனில் வெளியே வந்தால் கொரோனாவில் ஊரே பூட்டிக் கிடந்தது. ஜூலை 4 அன்று பப்கள் திறந்தபோது, மேசைக்கு மேசை கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லாமல் திண்டாடிய ஒரு வெள்ளைக்கார அம்மா என்னைச் சேர்த்துக்கொண்டார். வழக்கை முதல் நாளே சொல்லிவிட்டேன். "இங்கே யாரையும் அடிக்காதவரைக்கும் சரி" என்றவர், நேரே செல்லருக்கு, அதாவது பீர் பீப்பாய்கள் வைக்கும் நிலவறைக்குக் கூட்டிப்போனார். அங்கே 12 டிகிரிக் குளிரில், பீப்பாய்க்குள் குழாயை மரச்சுத்தியலால் ஒரே அடியில் இறக்க வேண்டும், தயங்கித் தட்டினால் பீர் முகத்தில் பீச்சும். முதல் மாதம் நான் குளித்தது அதில்தான்.

மூன்று வருடம் போனது. முழங்கால் வலி தாங்காமல் அந்த அம்மா ஓய்வு எடுக்கப்போவதாகவும் இடத்தை நான் எடுத்து நடத்தலாமே என்றும் சொன்னபோது சிரித்துவிட்டேன். பாரில் வேலை செய்ய லைசென்ஸ் வேண்டாம், பொறுப்பாளராக நிற்கத்தான் கவுன்சில் தரும் பர்சனல் லைசென்ஸ் வேண்டும். அடிதடி வழக்கெல்லாம் அதற்கான குற்றப் பட்டியலில் இருக்கிறது. காலாவதியாகாத வழக்கு, அதாவது சட்டப்படி இன்னும் கணக்கில் இருக்கும் வழக்கு இருந்தால் கவுன்சில் பொலிஸுக்கு அறிவிக்கும், பொலிஸுக்கு 14 நாள் அவகாசம், அவர்கள் ஆட்சேபித்தால் பெரும்பாலும் கதை முடிந்தது.

ஆனால் 2023 அக்டோபர் 28 முதல் சட்டம் மாறியிருந்தது. என்னைப்போல ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வருடம் வரை சிறைத்தண்டனை பெற்றவர்களுக்கு, வழக்கு காலாவதியாகத் தண்டனைக் காலம் முடிந்து நான்கு வருடம் காத்திருக்க வேண்டியது ஒரே வருடமாகக் குறைந்தது, பழைய வழக்குகளுக்கும் சேர்த்து. 18 பவுண் கட்டி, குற்றப் பதிவைக் காட்டும் டிபிஎஸ் சான்றிதழ் எடுத்தேன். பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதீர்கள்.

அப்புறம் லைசென்ஸுக்கான பரீட்சை. 40 கேள்வி, 28 சரியாக இருந்தால் தேர்வு. கஷ்டமில்லை, ஆனால் ஒரு பாடத்தில் கை நின்றுவிட்டது: குடிவெறியில் இருப்பவருக்குத் தெரிந்தே ஊற்றிக் கொடுப்பது குற்றம். மூக்கை உடைத்த அன்று இரவு நிற்கவே முடியாமல் நின்ற எனக்குக் கடைசிக் கிளாஸை ஊற்றியது யார் என்று யோசித்தேன், முகம் ஞாபகம் வரவில்லை. அவர்மீது பழி போடவில்லை, மூக்கை உடைத்தது என் கைதான். ஆனால் இப்போது ஒருவருக்கு இல்லை என்று சொல்லும்போது எனக்கு வாய் கூசுவதில்லை.

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். அந்த அம்மாவின் இடம் கைக்கு வருமா என்ற பயத்தில் வேறொரு கம்பெனியிடமும் பப் கேட்டிருந்தேன். காலாவதியான வழக்கைச் சொல்லத் தேவையே இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. நேர்மை என்று நினைத்து நானே உளறினேன். நல்லாய்ப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதன்பிறகு ஃபோனே எடுக்கவில்லை. சட்டம் மூடச் சொன்ன வாயை மூடுவதில் பொய் எதுவும் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த இடத்துக்கான நேர்காணலில் வியாபாரக் கணக்கை மட்டும் பேசினேன்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவிடம் சொன்னபோது, "உனக்கு வேற தொழிலே கிடைக்கேல்லையோ?" என்றா. நியாயமான கேள்விதான்.

பொறுப்பாளரின் பெயர் உள்ள பப் லைசென்ஸின் சுருக்கத்தை எல்லோருக்கும் தெரியும்படி மாட்ட வேண்டும். டார்ட்ஸ் பலகைக்குப் பக்கத்தில் மாட்டினேன். செவ்வாய்க்கிழமை வரும் கிழவர் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் முழுப்பெயரையும் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தார், மூன்றாவது அசையில் விட்டுவிட்டு ஒரு பைன்ட் கேட்டார்.