ஆய்வேட்டுக்கு வெளியாள் கருத்து: படாத பாடு

"சுவாரசியமான முயற்சி, தொடருங்கள்." முதுகலை ஓவிய ஆய்வேட்டின் வரைவு முழுவதையும் துறைக்கு வெளியே உள்ளவர்களுக்கு அனுப்பினால் பெரும்பாலும் இப்படி ஒரு வரிதான் திரும்பி வரும். எனக்கும் வந்தது. கடுப்பு இன்னும் தீரவில்லை என்றாலும், தப்பு அவர்கள் மேல் மட்டும் இல்லை. மொட்டையாக "கருத்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாரும் இதைத்தான் எழுதுவார்கள்.

குறிப்பாகக் கேட்க வேண்டும். "இரண்டாம் அத்தியாயம் பேசும் விஷயம் படங்களில் தெரிகிறதா, எழுத்தில் மட்டும்தான் இருக்கிறதா?" "நான்காவது படத்தையும் ஏழாவதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் ஒன்றை ஒன்று அடிக்கிறதா?" இந்த மாதிரி மூன்று கேள்வி போதும். கூடவே இரண்டு பக்கச் சுருக்கம், 12 முதல் 15 படங்கள், எல்லாம் ஒரே பிடிஎஃப்பில்.

ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. ஆனால் அனுப்பும்போது கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு வரை கூடும்; 15 எம்பிக்குள் வைத்தால் திரும்பி வராது. படத்தின் நீளமான பக்கம் 2000 பிக்சல், கலர் எஸ்ஆர்ஜிபி (திரைக்கான நிற அமைப்பு). அச்சுக்கான நிற அமைப்பான சிஎம்ஒய்கே-யில் உள்ள கோப்பு திரையில் வெளிறிப்போகலாம். அதைப் பார்த்துவிட்டு "நிறத்தில் உயிர் இல்லை" என்று விமர்சனம் வந்தால் யாரை நோவது? டிரைவ் லிங்க் என்றால் இன்காக்னிடோவில் (உங்கள் கணக்கு நுழையாத பிரவுசர் ஜன்னலில்) ஒருமுறை திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நின்றால் பார்ப்பவர் மூடிவிட்டுப் போய்விடுவார்.

ஆறடி கேன்வாஸும் உள்ளங்கை அளவு படமும் திரையில் ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் கீழே ஊடகம், ஆண்டு, உயரம் × அகலம் சென்டிமீட்டரில். பெரிய வேலைகளுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கும் படம் ஒன்றாவது வேண்டும்.

உண்மையில் வயிறு எரிந்தது துறை அலுவலகத்தில். வரைவைப் படித்துக் கருத்துச் சொன்னவர் பிறகு வெளித் தேர்வாளராக வரக்கூடாது என்பது பல பல்கலைக்கழகங்களில் விதி. அதை முன்கூட்டி ஒருவர் சொல்ல வேண்டுமே! வைவா (வாய்மொழித் தேர்வு) தேதி நெருங்கியபோதுதான் தேர்வாளர் பட்டியலில் இருந்து எனக்குக் கருத்துச் சொன்னவரின் பெயரை அடித்தார்கள். கேட்டால், "நீங்கள்தானே விதியைப் படித்திருக்க வேண்டும்?" அதனால் மெயில் அனுப்பும் முன்பே வழிகாட்டியிடம் தேர்வாளர் பட்டியலைப் பற்றிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் வருபவருக்கு உள்ளே நுழைய அனுமதிக் கடிதம் தேவையா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

ஸ்டுடியோவுக்கு வந்தால் 45 நிமிடம் தாராளம். முதல் பத்து நிமிடம் விளக்கமே கொடுக்காதீர்கள். எதன் முன்னால் நிற்கிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்பதே பாதி விமர்சனம். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த முறை இங்கே கைகொடுக்கும்: பார்த்தவருக்கு எது பதிந்தது என்பது முதலில், கலைஞரின் கேள்விகள் அடுத்து, பார்த்தவரின் நடுநிலைக் கேள்விகள் மூன்றாவது, அபிப்பிராயம் கடைசியில், அதுவும் அனுமதி கேட்டு. குறிப்பெடுக்க நண்பர் ஒருவர் இருக்கட்டும். பதில் சொல்லிக்கொண்டே எழுதினால் இரண்டும் கெடும்.

வழிகாட்டி ஒன்று சொல்வார், வந்தவர் நேர்மாறாகச் சொல்வார். அவர்கள் தரும் தீர்வுகளை ஒதுக்கிவிட்டு, இரண்டு பேரும் ஒரே படத்தில் தடுக்கினார்களா என்று மட்டும் பாருங்கள். தடுக்கியிருந்தால் கோளாறு அங்கேதான்.

நன்றியுரையில் பெயர் போடுவதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்பவர்களும் உண்டு.