பன்னிரண்டு குப்பி பென்சாயிக் அமிலம்

உடம்பிலிருந்து வெளிப்படுவதாகச் சிலர் நம்பும் உயிர்ப்புல ஆற்றலால் ஒரு வேதிப்பொருளின் தன்மையை மாற்ற முடியும் என்று சொல்லும் ஓர் அம்மா எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். குப்பியைத் தொடக்கூட வேண்டாம், மேலே மூன்று நிமிடம் கை காட்டினால் போதும் என்றார். "உங்க கருவியில பார்த்து உள்ளதைச் சொல்லுங்க தம்பி" என்பதுதான் அவர் வைத்த ஒரே கோரிக்கை. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. சரி, முறையாகச் செய்து பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டேன்.

சோதனைக்குப் பென்சாயிக் அமிலத்தை எடுத்தேன். 122 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சட்டென்று உருகும். ஒரு கிராம் உருக ஏறக்குறைய 147 ஜூல் வெப்பம் வேண்டும். இவ்வளவு கறாரான பொருளில் எது மாறினாலும் மறைக்க முடியாது என்பது என் கணக்கு.

முதல் சுற்றில் இரண்டே குப்பிகள். ஒன்றை அவரிடம் கொடுத்தேன், மற்றது அலமாரியில் இருந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் துளிப் பொடியைச் சின்ன அலுமினியத் தட்டில் வைத்து மூடி, உருக எவ்வளவு வெப்பம் எடுக்கிறது என்று அளக்கும் டி.எஸ்.சி. கருவியில் ஒரு தடவை ஓட்டினேன். அலமாரிக் குப்பி கிராமுக்கு 147 ஜூல் காட்டியது. அவர் கை காட்டியது 141. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் வரைபடத்திலும் அவருடைய குப்பியின் முகடுகள் ஒடுங்கி இருந்தன. முகட்டின் அகலத்திலிருந்து படிகத்துகளின் அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டில் போட்டால் படிகத்துகள் பெரிதாகியிருக்கிறது என்று விடை வந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மையாக இருக்கக்கூடாதா என்று மனசார ஆசைப்பட்டேன்.

மறுநாள் அந்த அலுமினியத் தட்டுகளைக் குப்பையில் போடப் போனவன், எதற்கும் பார்ப்போம் என்று உருப்பெருக்கியின் கீழே வைத்தேன். 141 காட்டிய தட்டின் மூடி ஒரு பக்கம் சரியாக நெரிபடவில்லை. அந்த இடுக்கின் வெளி விளிம்பில், பூனை முடி மாதிரி மெல்லிய வெள்ளை ஊசிகள் வரிசையாக நின்றன. பென்சாயிக் அமிலம் சூடுபட்டால் உருகுவதற்கு முன்பே கொஞ்சம் பதங்கமாகும். அந்த ஆவிதான் வெளியே கசிந்து ஊசியாகப் படிந்திருந்தது. எடை போட்டேன். 5 மில்லிகிராமில் 0.2 காணவில்லை. நூற்றுக்கு நான்கு பங்கு. 147இல் நான்கு சதவீதம் ஏறக்குறைய 6 ஜூல். வித்தியாசம் முழுக்க அந்த இடுக்குக்குள் அடங்கிவிட்டது.

எக்ஸ்-கதிர் முடிவையும் விடவில்லை. யாரும் கை காட்டாத பொடியையே இரண்டாகப் பிரித்து, ஒன்றை அகேட் என்ற கடினக் கல் உரலில் இரண்டு நிமிடமும் மற்றதை ஐந்து நிமிடமும் அரைத்தேன். முகடுகளின் அகலம் மாறியது. கண்ணாடிச் சில்லால் சற்று அழுத்தித் தட்டினால் முகடுகளின் உயரமும் மாறியது, தகடு தகடான படிகங்கள் ஒரே பக்கம் சாய்ந்துவிடுவதால். இந்த ஆற்றலால் பொருள் மாறியதாகச் சொல்லி, மாதிரிக்கு ஒரு தடவை மட்டும் அளந்து "இத்தனை சதவீதம் மாற்றம்" என்று எழுதும் கட்டுரைகளில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: ஆற்றல் படாத இரண்டு மாதிரிகளுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம் வந்தது? அதைச் சொல்லாத சதவீதத்தை நான் இனி நம்பமாட்டேன்.

அப்புறம்தான் ஒழுங்கான சோதனை. ஒரே புட்டிப் பொடியை நன்றாகக் கலந்து பன்னிரண்டு குப்பிகளில் அடைத்தோம். எந்த ஆறு அவருக்கு என்பதை நாணயம் சுண்டியும் சீட்டுக் குலுக்கியும் என் சகா முடிவு செய்தார். மீதி ஆறுக்கும் அதே அறையில், அதே மூன்று நிமிடம், இந்த ஆற்றல் தனக்கு உண்டென்று சொல்லாத ஒருவர் கை காட்டினார். கைச்சூடும் இடமாற்றமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டுமே. எந்த எண் குப்பி யாருடையது என்ற பட்டியல் ஒட்டிய உறைக்குள் போனது. உருகத் தொடங்கும் வெப்பநிலை, உருகு வெப்பம், இரண்டை மட்டுமே பார்ப்போம் என்று அளப்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டோம்.

"எது என் குப்பின்னு உங்களுக்கே ஏன் தெரியக்கூடாது?" என்று அந்த அம்மா கேட்டார். எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமியைப் பற்றிச் சொன்னேன். கை வைத்து ஆற்றலை உணர்வதாகச் சொன்ன 21 பேரை அந்தச் சிறுமி ஓர் அட்டைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, தன் கை அவர்களின் எந்தக் கைக்கு மேலே இருக்கிறது என்று கேட்டாள். 280 தடவையில் 123 தடவைதான் சரியாகச் சொன்னார்கள். 1998இல் அது அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. தெரிந்தால் என் கையும் ஒரு பக்கம் சாயும் என்றேன், முதல் சுற்றில் நான் பட்ட ஆசையையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

குப்பிக்கு மூன்று தடவை, மொத்தம் 36 ஓட்டம். நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேற்றம், நைட்ரஜன் ஓட்டத்தில். காலையும் மாலையும் 156.6 டிகிரியில் உருகும் இண்டியம் என்ற உலோகத்தை வைத்துக் கருவியைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு தட்டையும் முன்னும் பின்னும் எடை போட்டேன். கசிந்த இரண்டை உறை திறக்கும் முன்பே ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன்.

உறையை அவர் முன்னால்தான் பிரித்தோம். உருகத் தொடங்கும் வெப்பநிலையில் இரண்டு குழுக்களின் சராசரியும் டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட விலகவில்லை. உருகு வெப்பத்தில், ஒரே குப்பியை மூன்று தடவை அளந்தபோது வந்த ஏற்ற இறக்கத்தைவிட இரு குழுக்களுக்கும் நடுவே இருந்தது குறைவு.

அந்த அம்மா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அந்த ஊசி ஊசியா இருந்ததுன்னு சொன்னீங்களே, அதை நான் பார்க்கலாமா?" என்றார். எடுத்து வைத்திருந்த பழைய தட்டை உருப்பெருக்கியின் கீழே வைத்து, அவர் கண்ணுக்குத் தெளிவாகும்வரை திருகித் திருகிச் சரிசெய்தேன்.