ஆட்டம் நின்ன கத்தி

நான் செஞ்ச வேலையில குறை ஒண்ணும் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். ஒரு அங்கிள் மடக்குக் கத்தி ஆடுதுன்னு கொண்டு வந்தார், ஆட்டத்தை நிறுத்திக் குடுத்தேன். ஆனா கையில வாங்கிப் பாத்துட்டு அவர் கேட்ட ஒரு கேள்விக்கு அன்னிக்கும் பதில் வரல, இன்னிக்கும் வரல. கடையில கை சும்மா இருக்கற நேரமெல்லாம் அதுதான் மண்டைக்குள்ள ஓடுது.

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல இருந்து வர்றவர். தூண்டில்காரர். அக்டோபர் நவம்பர் ரெண்டு மாசமும் ஷாட் மீன் புடிக்கத் தடைங்கறதால அப்பதான் ரீல், கத்தி எல்லாத்தையும் ரிப்பேருக்குத் தூக்கிட்டு வருவார். இந்த வாட்டி கொண்டு வந்தது ஓகாபிங்கற மடக்குக் கத்தி. டர்பன்ல இருக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம், மரப்பிடியில நட்சத்திரமும் பிறையும் பதிச்சு, முதுகுல ஒரு வளையம், திறக்கறப்ப கடகடன்னு பல் விழுற சத்தம். 1902ல ஜெர்மனிக்காரங்க ஆப்பிரிக்காவுல இருந்த அவங்க காலனிகளுக்கு அனுப்பறதுக்குன்னே செய்ய ஆரம்பிச்சது, 1988ல அங்க நிறுத்தினப்புறம் இங்க சவுத் ஆப்பிரிக்காவுலதான் தயாராகுது. இவரோடது அந்தப் பழசு, அவங்க அப்பா வச்சிருந்தது. ஜெர்மனின்னு இருந்த எழுத்து பாதி தேய்ஞ்சுபோச்சு. சார்டின் நறுக்கி நறுக்கி, உப்புத் தண்ணியில கிடந்து, திரும்பத் திரும்ப சாணை புடிச்சு பிளேடே ஒல்லியாயிடுச்சு. கம்பெனி குறை இல்ல இது, ஒரு ஆயுசு உழைச்ச கத்தி.

மடக்குக் கத்தியில ஆட்டம் ரெண்டு வகை, இது புரிஞ்சாதான் அவர் கேட்டது புரியும். பிடியை ஒரு கையில புடிச்சுக்கிட்டு பிளேடைத் தட்டையா ரெண்டு விரலால கவ்வி இடம் வலம் அசைச்சா வர்றது பக்க ஆட்டம். அது பிளேடு சுத்தற அச்சாணியில, நாங்க பின்னுன்னு சொல்றதுல இருக்கு. பின் தேயும், பின் போற ஓட்டை தேயும், பிடியோட ரெண்டு பக்கமும் மெல்ல விலகிக் குடுக்கும். அதே பிளேடை மேலயும் கீழயும் அசைச்சு ஆடினா அது லாக்கு, திறந்த பிளேடு மடங்காம புடிச்சு நிறுத்தறது. ஓகாபியில பிளேடோட அடிப்பக்கம் பல் வெட்டியிருக்கும், முதுகு ஸ்பிரிங் அதுல போய் மாட்டிக்கும், பல் மழுங்கிட்டா ஸ்பிரிங் முழுசா உக்காராது, பிளேடு முதுகுல அழுத்தம் விழுந்தா நழுவி நேரா விரல் மேல மடங்கும்.

இவர் கத்தியில ரெண்டும் இருந்துச்சு. சில சமயம் அழுக்கு அடைச்சுக்கிட்டாலும் லாக் ஆடும்ங்கறதால முதல்ல பாரபின்ல, அதான் மண்ணெண்ணெயில, ஊறவச்சு ஊசியால சுரண்டினேன், மீன் செதிலும் துருவுமா வந்துச்சு. சுத்தம் பண்ணியும் மேல்கீழ் ஆட்டம் போகல. லென்ஸ் வச்சுப் பாத்தா கடைசிப் பல் முனை போய் உருண்டு கிடந்துச்சு. அரத்தால திரும்ப வெட்டலாம்தான், ஆனா ஒவ்வொரு இழுப்புக்கும் இரும்பு குறையும், பிளேடு நிக்கற கோணமே மாறிப்போகும். வெல்டு வச்சு நிரப்பினா சூட்டுல பதம் போயிடும். அந்தக் கூலிக்கு புதுசே வாங்கிடலாம். "லாக்கை என்னால ஒண்ணும் பண்ண முடியாது அங்கிள், பக்க ஆட்டத்தை மட்டும் எடுத்துத் தரேன்"னு சொன்னேன். சரி தம்பின்னார்.

பின் தலையை இரும்புக் கட்டை மேல உக்கார வச்சு, பிளேடுக்கும் பக்கத்துக்கும் நடுவுல மெல்லிசா ஒரு பித்தளைத் தகடு செருகி, சின்ன சுத்தியலால ஓரத்தைச் சுத்தி தட்டித் தட்டி விரிக்கணும். நாலு தட்டு, திறந்து மூடிப் பாக்கணும், மறுபடி நாலு தட்டு. ஒரு தட்டு கூடிட்டா பிளேடு இறுகி நிக்கும், பலமா விழுந்தா மரம் விரிசல் விடும். நல்லா வந்துச்சு. தகடை உருவி எண்ணெய் விட்டப்ப அசைவே இல்ல.

அவர் திறந்து பாத்தார், முகமே மாறிடுச்சு. நான் உடனே சொன்னேன், லாக்கை நம்பாதீங்க, குத்தற வேலை வேணாம், பிளேடு முதுகுல அழுத்தாதீங்கன்னு. கொஞ்ச நேரம் கத்தியையே பாத்துட்டு இருந்தார். "ஆடிட்டு இருந்தப்ப நான் ஜாக்கிரதையா புடிச்சேன். இப்ப புதுசு மாதிரி இருக்கு, ஆனா லாக் அதே லாக்குதான். அப்போ ஆடிட்டு இருந்ததே நல்லதா தம்பி?"

கோவமா கேக்கல. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டார். "அதான் சொல்லிட்டேனே அங்கிள்"னேன். காசு குடுத்துட்டுப் போயிட்டார்.

சொன்னேன், அது உண்மை. பக்க ஆட்டத்தை விட்டு வச்சிருந்தா பிளேடு கோணலா வந்து உக்காந்து மிச்சப் பல்லையும் தின்னிருக்கும், அதுவும் உண்மை. ஆனா வாயால சொன்னது எத்தனை நாள் நிக்கும்? ஆடற பல்லு இருக்கற பக்கம் யாரும் மெல்றதில்ல, அதுக்கு டாக்டர் வந்து சொல்ல வேணாம். விடியக்காலை இருட்டுல, கையெல்லாம் மீன் வழவழப்போட இரை நறுக்கறப்ப அவர் கேக்கப்போறது என் பேச்சையா, கையில கெட்டியா நிக்கற கத்தியையா? அவர் பேரன் எடுத்தா? அவனுக்கு யார் சொல்லியிருப்பாங்க?

முதலாளிகிட்ட சொன்னேன். கேட்டதைச் செஞ்சோம், சொல்ல வேண்டியதைச் சொன்னோம், அதுக்கு மேல கத்தி அவரோடதுன்னார். சரியான பேச்சுதான், ஆனா எனக்கு அது கடை கணக்கு மாதிரிதான் பட்டுச்சு, அங்கிள் கேட்டதுக்குப் பதிலா தெரியல. பின்னைக் கொஞ்சம் தளர்த்திக் குடுத்திருக்கலாமோன்னு கூட யோசிச்சேன். நல்லா நிக்கற கத்தியை வேணும்னே ஆட வைக்க என் கை வராது.

அப்புறம் ஒருத்தர் லைனர் லாக் கத்தி கொண்டு வந்தார், பிடிக்குள்ள இருக்கற தகடே வளைஞ்சு வந்து பிளேடை நிறுத்தற வகை. லாக் தகடு தேய்ஞ்சு எதிர்ப்பக்கத்தையே தொட்டுட்டு நின்னுச்சு, திறந்த பிளேடு வந்து முட்டி நிக்கற ஸ்டாப் பின்னைத் தடிமனா போட்டாதான் சரியாகும். ஸ்க்ரூவை மட்டும் இறுக்குங்கன்னார். ரெண்டும் செய்யணும், இல்லன்னா தொடமாட்டேன்னு சொல்லிட்டேன், எடுத்துட்டுப் போயிட்டார். திருப்புளியால கால் சுத்து, வேற எங்கயாவது ஒரு நிமிஷத்துல முடிச்சுக் குடுத்திருப்பாங்க, இல்ல அவரே வீட்ல செஞ்சிருப்பார். நான் மறுத்ததுல அந்தக் கத்திக்கு என்ன நல்லது நடந்துச்சு?

அதனால இப்ப மறுக்கறதில்ல. லென்ஸைக் குடுத்து பல்லை அவங்க கண்ணாலயே பாக்க வைக்கறேன், விரலை வச்சு மேல்கீழ் ஆட்டத்தைத் தொட்டுப் பாக்க வைக்கறேன், அப்புறம் பக்க ஆட்டத்தை எடுக்கணுமான்னு கேக்கறேன். எல்லாரும் எடுங்கன்னுதான் சொல்றாங்க. எடுத்துக் குடுத்துட்டுதான் இருக்கேன்.