மாமாவின் வேட்டியும் சங்குப்பூ டீயும்

அக்கினி நட்சத்திரம் மே 4ஆம் தேதி தொடங்கும் என்று காலண்டரில் போட்டிருக்கும். திருச்சி வெயிலிடம் அந்தக் காலண்டரை யாரும் காட்டுவதில்லை. லீவு விட்டதிலிருந்து எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு மூடின பாடில்லை, கலர் கலராகக் குடிக்க வேண்டும் என்று பிள்ளைகளின் நச்சரிப்பு வேறு. கலர்தானே, சரி என்று கொல்லை வேலியில் மண்டிக் கிடக்கும் நீலச் சங்குப்பூவில் கை வைத்தேன்.

சங்குப்பூ டீயைக் குடித்தால் முடி வளரும், மூளை வளரும் என்றெல்லாம் அளக்கிறவர்கள், அதற்கு ருசியே கிடையாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அவரைக் குடும்பத்துச் செடி, பச்சை வாடைதான் லேசாக வரும். அதனால் ருசிக்கு நான் நம்புவது நன்னாரி வேரை. வேரைத் தட்டினால் நடுவில் இருக்கும் குச்சி தனியாகக் கழன்றுவரும், அதை எறிந்துவிட்டு மேல்பட்டையை மட்டும் ராத்திரியே ஊறப்போட வேண்டும், வாசமெல்லாம் அதில்தான். மறுநாள் அந்தத் தண்ணீரைச் சுடவைத்து, கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, அடியில் உள்ள பச்சைக் காம்பைக் கிள்ளிய பூக்களைத் தம்ளருக்கு ஏழெட்டு என்று போட்டு மூடினால் ஐந்து நிமிடத்தில் நீலம் முழுக்க இறங்கிவிடும். ஐஸ் உருகி நீர்த்துப் போகும் என்பதால் கொஞ்சம் தூக்கலாகவே போடுவது நல்லது. வெல்லம் போட்டால் கலர் சேறாகிவிடும், கற்கண்டுதான் சரி. கசக்கின புதினா கடைசியில். எலுமிச்சை மட்டும் குடிக்கும்போது பிழிய வேண்டும். நீலம் கண்ணெதிரே ஊதாவாகும், பிள்ளைகளுக்கு வேடிக்கையே அதுதான்.

தெருப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு பெரிய குண்டா நிறையப் போட்டு வடிகட்டி, சீக்கிரம் ஆறட்டும் என்று பின்பக்கம் வேப்பமர நிழலில் வைத்திருந்தேன். அந்த நிழலில்தான் துவைக்கிற கல்லும் இருக்கிறது.

என் மாமனார் தன் வேட்டியை வேறு யாரிடமும் துவைக்கக் கொடுக்க மாட்டார். சொட்டு நீலம் கலந்து வைப்பது மட்டும் அத்தையின் இலாகா. மாமா வந்தார், குண்டாவைப் பார்த்தார், இன்றைக்குக் கேட்காமலேயே கலந்து வைத்திருக்கிறாளே என்று அகமகிழ்ந்து, சோப்பை அரைகுறையாக அலசின வேட்டியை உள்ளே முக்கிவிட்டார். போதாததற்கு அங்கிருந்தே ஒரு பாராட்டு: "ஏம்மா, இப்பல்லாம் நீலத்துல சென்ட்டு கூடப் போடறானா? கமகமங்குதே!"

நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் வேட்டி கொடியில் தொங்குகிறது. சோப்பு தங்கின இடமெல்லாம் பாசி பிடித்த குளம் மாதிரி பச்சை, மற்ற இடமெல்லாம் நீலம். "இதைக் கட்டிக்கிட்டு வெளிய போனா எந்தக் கட்சின்னு கேப்பாங்க" என்றார் அத்தை. கறைக்கு எலுமிச்சையை விட்டால் வேறு மருந்து ஏது? தடுப்பதற்குள் ஒரு முழுப் பழத்தைக் கரை ஓரமாகப் பிழிந்து தேய்த்துவிட்டார். அந்த இடம் மட்டும் அழகான ரோஸ்.

பத்தாவது போகப்போகிற என் பையனுக்கு ஒரே கொண்டாட்டம். "தாத்தா, பூவுல ஆந்தோசயனின் இருக்கு. சோப்புல காரம், அதான் பச்சை. எலுமிச்சைல அமிலம், அதான் ரோஸ். இது நிறங்காட்டி தாத்தா!" மாமா கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்த பார்வையில், பரீட்சையில்கூட அவன் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க மாட்டான் என்ற சந்தேகம் தெரிந்தது.

நல்லவேளை, பூச்சாயம் துணியில் அவ்வளவாக ஒட்டாது. வெறும் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசியதில் முக்கால்வாசி போய்விட்டது, மிச்சத்தை வெயில் பார்த்துக்கொண்டது. இந்த வெயிலால் ஆன ஒரே உபகாரம் அதுதான்.

சாயங்காலம் மறுபடி ஒரு குண்டா போட்டேன், இந்த முறை அடுப்படியிலேயே. மாமாவுக்கும் ஒரு தம்ளர் நீட்டினேன். மோந்து பார்த்தார். "நன்னாரியை மட்டும் தனியாப் போட்டுக் குடும்மா. அந்தப் பூவை உங்க அத்தை சாமிக்கு வைக்கட்டும்."