நான்காம் துளையில் காற்று

பிப்ரவரி 1, ஞாயிறு

சி கீ மவுத் ஆர்கனில் நான்காம் துளையை ஊதினால் சுரத்துக்கு முன்னால் காற்று வருகிறது. மெதுவாக ஊதினால் வெறும் காற்றுதான். அழுத்தி ஊதினால்தான் ரீட், அதாவது உள்ளே அதிரும் பித்தளை நாக்கு, பேசுகிறது. பாதிப் பாட்டு இந்தத் துளையைச் சுற்றித்தான் நடக்கும், அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை.

திருப்புளியை எடுப்பதற்கு முன் வாயைச் சோதித்துவிட வேண்டும். உதடு பக்கத்துத் துளை மேல் கொஞ்சம் ஏறியிருந்தாலும், மூக்கு வழியாக மூச்சு கசிந்தாலும் இதே மாதிரிதான் கேட்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினேன், மாற்றமில்லை. ஜி கீ கருவியில் அதே துளையை அதே மூச்சில் ஊதினேன், சுத்தமாக ஒலித்தது. ஆக, கோளாறு கருவியில்தான். புதிதாகப் பழகுகிறவர்கள் இரண்டாம் துளையை உள்ளிழுத்துப் பார்த்துவிட்டு ‘ரீட் போச்சு’ என்று பயப்படுவார்கள். அங்கே பெரும்பாலும் ரீட் நன்றாகத்தான் இருக்கும்; வாயையும் தொண்டையையும் தளர்த்தினால் சுரம் தானாக வரும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஒரு சுரம் மட்டும் காற்றாக வந்தால் அந்த ரீட்டைப் பார்க்க வேண்டும். பல சுரங்கள் வந்தால் கசிவைத் தேட வேண்டும். இதில் முதல் மூன்று துளைகளும் லேசாக மந்தமாக இருந்ததால் கசிவிலிருந்தே தொடங்கினேன். ரீட்டுகள் பொருத்திய உலோகத் தகடுதான் ரீட் பிளேட்; அதன் திருகுகளில் இரண்டு தளர்ந்திருந்தன. நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். ஒரே பக்கமாக இறுக்கினால் பிளேட் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். ஹோனர் நிறுவனம் 1896இல் கொண்டுவந்த மரைன் பேண்ட் ஆணி அடித்த கருவி. என்னிடம் இருப்பது திருகு வைத்தது என்பதால் வேலை சுலபம்.

கீழ்த்துளைகள் தெளிந்துவிட்டன. நான்கு மட்டும் அப்படியே.

பிப்ரவரி 7, சனி

இன்று பிளேட்டைக் கழற்றினேன். ஊதும் ரீட்டுகள் மேல் பிளேட்டின் உட்புறம் இருக்கின்றன, கழற்றாமல் கண்ணுக்குத் தெரியாது. முதலில் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ரீட்டின் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஒளிக்கோடு. அப்படியானால் ரீட் தன் காடியின், அதாவது அது அதிரும் நீள்துளையின், நடுவில்தான் நிற்கிறது. பஞ்சு, முடி எதுவும் இல்லை.

அப்புறம் பிளேட்டைப் பக்கவாட்டில் சாய்த்துக் கண் மட்டத்தில் பார்த்தேன். அங்கே தெரிந்துவிட்டது. மூன்றாம், ஐந்தாம் ரீட்டுகளின் நுனி பிளேட்டை ஒட்டி நிற்க, நான்காவது மட்டும் நன்றாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நுனி இடைவெளி ஏறக்குறைய ரீட்டின் கனம் இருந்தால் போதும் என்பது பொதுக் கணக்கு. கீழ்ச் சுரங்களுக்குக் கொஞ்சம் கூடுதல், மேல் சுரங்களுக்குக் குறைவு. இடைவெளி அதிகமானால் மூச்சு ரீட்டைப் பிடிக்காமல் ஓரமாக ஓடிவிடுகிறது. அதுதான் நமக்குக் கேட்கும் காற்று.

பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் ரீட்டைக் காடிக்குள் மெதுவாக அழுத்தி, விட்டுவிட்டுப் பார்த்தேன். நுனியை மட்டும் வளைக்கக் கூடாது. ரீட்டைப் பிளேட்டோடு பிணைக்கும் ரிவெட் பக்கமிருந்தே ரீட் முழுவதும் கொஞ்சம் இறங்க வேண்டும். பித்தளை தன் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும், அதனால் அவசரம் ஆகாது. மயிரிழை அளவு இறங்கியதும் பிளேட்டைப் பொருத்தி ஊதினேன்.

மெல்லிய மூச்சுக்கே சுரம் எழுந்தது! ஆனால் பலமாக ஊதினால் ரீட் மூச்சடைத்து நின்றுவிடுகிறது. இடைவெளி குறையக் குறைய மென்மை கூடும், வேகம் தாங்காது. மேல் பிளேட்டின் வெளிப்புறமிருந்து காடி வழியாக லேசாகத் தள்ளி, ஒரு துளி திறந்துவிட்டேன். என் மூச்சின் பலத்துக்கு அது சரியாக அமைந்தது. வேறொருவர் மூச்சுக்கு வேறு அளவு வேண்டியிருக்கும், இதற்கு அட்டவணை போட முடியாது.

பிப்ரவரி 8, ஞாயிறு

நான்காம் துளையை உள்ளிழுத்து சுரத்தை வளைத்தால், அதாவது வாயின் வடிவத்தை மாற்றிச் சுரத்தைக் கீழே இறக்கினால், டி-யிலிருந்து அரைச் சுரம் கீழான டி ஃபிளாட் வரும். அந்த வளைவும் நேற்றைவிடத் தெளிவு. வளைக்கும்போது எதிர் ரீட்டும், அதாவது அதே துளையின் ஊதும் ரீட்டும், சேர்ந்து அதிர்கிறது. ஊதும் ரீட்டைத் திருத்தியதன் பலன் இழுக்கும்போதும் தெரிகிறது, எனக்கு இதுதான் பெரிய சந்தோஷம்.

பிப்ரவரி 11, புதன்

இடைவெளி மாறினால் சுருதியும் சற்று நகரும். ஒன்றாம், நான்காம் துளைகளை, நடுவில் இருப்பவற்றை நாக்கால் மூடி, சேர்த்து ஊதினேன். இரண்டும் சி, எட்டு சுர இடைவெளி. லேசான அலைவு கேட்கிறது, இரண்டும் சுருதி சற்று விலகியிருக்கின்றன என்று அர்த்தம். நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஆனால் புதிதாக வளைத்த ரீட் நிலைப்படட்டும், இப்போது சுரண்டப் போவதில்லை.

பிப்ரவரி 14, சனி

அலைவு அடங்கிவிட்டது. சுரண்ட வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

மாடி வீட்டுப் பையன் தன் டிரெமோலோ வகை மவுத் ஆர்கனைக் கொண்டுவந்தான். “அண்ணா, இதுலயும் ஒண்ணு காத்தாவே வருது, பாருங்களேன்” என்றான். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் கொஞ்சம் சுருதி விலகிய இரண்டு ரீட்டுகள், மேல் வரிசையில் ஒன்று, கீழ் வரிசையில் ஒன்று. மேல் வரிசையை அட்டையால் மூடி ஊதச் சொன்னேன்: வெறும் காற்று. கீழ் வரிசையை மூடினால் தெளிவான சுரம். கோளாறு கீழ் ரீட்டில். நாளை காலை திறக்கிறோம், அவன்தான் குச்சி பிடிக்கப் போகிறான்.