தகரப் பெட்டியும் ஒற்றை சாக்ஸும்

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. எட்டடிக்கு ஆறடி. ஒரு மெஷின், ஒரு லேமினேஷன் பெட்டி, கொஞ்சம் பேனா நோட்டு, உட்கார ஒரு முக்காலி. முக்காலிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் துணிப்பையில் எப்போதும் ஸ்வெட்டர் பின்னுகிற இரண்டு ஊசியும் ஒரு நூல் உருண்டையும் இருக்கும். ஆதார் காப்பி எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் "அக்கா, இது யாருக்கு?" என்று கேட்காமல் போவதில்லை. யாருக்கு என்று பல நேரம் எனக்கே தெரியாது. ஊசியில் நிற்கும் கண்ணியை, அதாவது நூல் வளையங்களை, எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து "முப்பத்தாறு காப்பி, முன்னாடி பின்னாடி" என்று சொல்லிவிட்டால் போச்சு. முப்பத்தாறு அவர் கணக்கா, என் கணக்கா? அப்படித்தான் ஒரு ஸ்வெட்டரின் இடது பக்கத்தில் நாலு கண்ணி கூடிப்போய், ஒரு சாண் பின்னிய பிறகு கண்டுபிடித்துப் பிரித்தேன்.

போன ஐப்பசி மழையில் நாலு நாள் கரண்ட் இல்லை. எங்கோ ஒரு யூகலிப்டஸ் மரம் கம்பி மேல் விழுந்திருந்தது. கொடைக்கானலில் பெரிய மழை வருவதே அந்த மூன்று மாதம்தான், அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. மெஷின் ஓடாத ஜெராக்ஸ் கடையைத் திறந்து வைத்து என்ன செய்வது? வீட்டில் உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்தேன். அம்மாச்சியின் பெட்டி. இப்போது அதில் இருப்பதெல்லாம் நான் முடிக்காமல் விட்டவை.

நீல நிறத்தில் பட்டன் வைத்த ஸ்வெட்டர், ஐந்து துண்டாக. மகளுக்கென்று போட்ட சிவப்பு, கழுத்து இறுகிப்போய். அவருக்கு ஆரம்பித்த சாம்பல் நிற ஹாஃப் ஸ்வெட்டர், முதுகு மட்டும். வெள்ளைக் கம்பளியில் பாதி சால்வை. அப்புறம் ஒரே ஒரு சாக்ஸ், வலது காலுக்கு.

பெட்டியைப் பார்த்ததும் ஒன்று உறைத்தது. இவ்வளவையும் பின்னியவள், அன்றைக்கும் போட்டிருந்தது பழைய செம்மண் கலர் ஸ்வெட்டரைத்தான். 2019ல் மிச்ச நூலை ஒப்பேற்ற வேண்டுமே என்று, ஆசையே இல்லாமல் போட்டது. டிசைன் கிடையாது, அழகு கிடையாது. முழங்கையில் ஒட்டு வேறு. மார்கழியில் ஜிம்கானா பக்கமும் பாம்பார்புரத்திலும் புல் மேல் உப்புக் கொட்டினதுபோல் உறைபனி கிடக்கும். அந்தக் காலையிலும் அதுதான். சித்திரை சீசனில் டூரிஸ்ட் கூட்டத்தில் கடையில் நிற்கும்போதும் அதுதான். வீட்டில் நைட்டி மேல் அதைப் போட்டு, அதன் மேல் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் முடிந்தது. மலையில் இருக்கிற பெண்களுக்கு இது யூனிஃபார்ம் மாதிரி, யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஏன் இது மட்டும்? கழற்றி மடியில் போட்டுப் பார்த்தேன். கை மணிக்கட்டு வரை வரவில்லை. நூல் தீர்ந்துபோனதால் ஒரு சாண் முன்னாடியே நின்றுவிட்டது. அதனால்தான் மெஷினில் டோனர் மாற்றும்போது கறுப்புப்பொடி ஒட்டுவதில்லை, பாத்திரம் கழுவும்போது ஏற்றிவிட வேண்டியதில்லை. கழுத்து அகலம், அலுத்துப்போய் சீக்கிரமே கண்ணியை அடைத்து, ஓரம் அவிழாதபடி பின்னலை முடித்துவிட்டேன். அதனால் தலையை மாட்டும்போது கொண்டை கலைவதில்லை. சில்லறை போட இரண்டு பை, பின்னால் ஒட்டவைத்தது. எல்லாம் தப்பில் வந்த சௌகரியம். பெட்டியில் இருந்த நீலமோ, புத்தகத்தில் பார்த்த யாரோ ஒரு உயரமான பெண்ணின் அளவில், யாரோ ஒருத்திக்காகப் போட்டது.

பின்னல் எனக்கு அம்மாச்சி கொடுத்தது. 1845ல் அமெரிக்க மிஷனரிகள் வந்து இரண்டு வீடு கட்டியதில்தான் இந்த ஊரே ஆரம்பம். அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து, அப்படி ஒரு பங்களாவில் அம்மாச்சி ஆயாவாக இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. "நிட்டு, பர்லு, நிட்டு, பர்லு" என்று, பின்னலின் இரண்டு அடிப்படைக் கண்ணிகளையும், சாமி பாட்டுபோல் முணுமுணுப்பாள். அவள் விட்டுப்போன ஊசிகளில் பழைய இங்கிலீஷ் நம்பர்தான் இருக்கும். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். எட்டாம் நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர், பத்து என்றால் மூன்றேகால். இது தெரியாமல் என் மகள் ஒருமுறை "அம்மாவுக்கு எட்டு வேணுமாம்" என்று ஆன்லைனில் 8 மில்லிமீட்டர் ஊசி வாங்கி அனுப்பினாள். பென்சிலை விடத் தடி. அதைக் கொண்டு வெண்டைச் செடிக்கு முட்டு கொடுக்கலாம் என்றார் அவர். (இந்தக் குளிரில் வெண்டை எங்கே வருகிறது? அவர் கீழே வத்தலகுண்டுக்காரர், இன்னும் மனசு அங்கேதான்.)

சரி, நீலம். அதை முடிக்காமல் விட்டதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்றுதான் இவ்வளவு நாள் சொல்லி வந்தேன். உண்மையில் பயம். பின்னுவது சுகம், துண்டுகளைச் சேர்ப்பது வேறு வேலை. முன்பெல்லாம் உள்பக்கம் திருப்பி, துணி தைக்கிற மாதிரி பின்தையல் போட்டுவிடுவேன். அக்குளில் கயிறு மாதிரி ஒரு தடிப்பு நிற்கும், நாள் முழுக்கக் குத்தும். அப்படி நான் போட்டுக் கெடுத்ததுகள் இரண்டு மூன்று பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. இந்த முறை வெளிப்பக்கத்தை மேலே வைத்து, ஏணி மாதிரி தைத்தேன். ஓரத்தில் முதல் கண்ணிக்கும் இரண்டாம் கண்ணிக்கும் நடுவில் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு குறுக்கு இழை தெரியும், ஏணிப்படி போல. இந்தப் பக்கம் ஒரு படி, அந்தப் பக்கம் ஒரு படி என்று ஊசியை மாற்றி மாற்றிக் கோத்து, ஒரு விரற்கடை நீளம் ஆனதும் நூலை மெல்ல இழுக்க வேண்டும். இரண்டு ஓரமும் தானாக ஒட்டிக்கொள்ளும். எங்கே சேர்த்தோம் என்று கண்ணுக்குத் தெரியாது. முதல் முறை இழுத்தபோது நான் தனியாக உட்கார்ந்து "அடடே" என்றேன்.

சேர்த்து, போட்டுப் பார்த்தால், கை விரல் நுனி வரை தொங்குகிறது. புடவையோடு போட என்று ஆரம்பித்ததுதான். முந்தானையை உள்ளே விட்டால் முதுகில் மூட்டை, வெளியே விட்டால் ஸ்வெட்டர் போட்டதே தெரியாது. இந்தச் சண்டையில் இதுவரை எந்த மலைக்காரியும் ஜெயித்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் தினம் போடுவது சுடிதார். அப்படியிருக்க இந்த நீளக் கை யாருக்கு?

செம்மண் ஸ்வெட்டரை எடுத்து நீலத்தின் மேல் பரப்பினேன். உடம்பை அளந்தால் உடம்பளவுதான் வரும். பிடித்த துணியை அளந்தால் பிடித்த அளவு வரும். அந்தக் கை முடிகிற இடத்தில் நீலத்தில் ஒரு ஊக்கு குத்தினேன். அதற்கு ஒரு வரிசை கீழே, நடுவில், கத்தரிக்கோலால் ஒரே ஒரு கண்ணியை வெட்டினேன். தீபாவளி லீவுக்கு வந்திருந்த மகள் "அய்யோ அம்மா!" என்று எழுந்தே விட்டாள். பின்னல் அப்படியெல்லாம் சட்டென்று அவிழ்ந்துவிடாது. அந்த இழையை இடமும் வலமுமாகக் கண்ணி கண்ணியாக உருவிக்கொண்டே போனால் கை இரண்டாகப் பிரியும். மேல்பாதியில் கண்ணிகள் வாய் திறந்து நிற்கும். அவற்றை ஊசியில் ஏற்றி, கீழ்நோக்கி இரண்டு அங்குலம் பார்டர் போட்டேன். அடைக்கும்போது மட்டும் ஒரு சைஸ் தடித்த ஊசி. இல்லாவிட்டால் ஓரம் இறுகி ரத்த ஓட்டம் நிற்கும். வெட்டியெடுத்த மணிக்கட்டுத் துண்டுகளைப் பிரித்த நூலில் இரண்டு பை வந்தது.

சிவப்புக்கு வியாதி கழுத்தில், இறுக்கி அடைத்துவிட்டேன். மகள் பத்தாவது படிக்கும்போது போட்டது, தலை நுழையாமல் அழுதுவிட்டாள். அடைத்த பக்கத்தில் இருந்துதான் பிரிக்க முடியும். பிரித்து, தளர்வாக அடைக்க அரை மணி நேரம் ஆகவில்லை. அரை மணி நேர வேலை ஆறு வருஷம் பெட்டியில் கிடந்திருக்கிறது! இப்போது அவள் மதுரையில் படிக்கிறாள். "அங்க இதைப் போட்டா வெந்துடுவேன்மா" என்றாள். ஆனாலும் பையில் எடுத்துப் போனாள். பஸ் ஏசிக்கு ஆகுமாம்.

சாம்பல் நிறத்தைப் பிரித்துவிட்டேன். முதுகுக்கு வாங்கிய நூலும் பிறகு வாங்கிய நூலும் ஷேடு நம்பர் ஒன்று, லாட் நம்பர் வேறு, அதாவது ஒரே சமயத்தில் சாயம் போட்டதல்ல. உருண்டையாக இருக்கும்போது ஒன்றுபோல் இருக்கும், பின்னினால் கோடு கட்டினதுபோல் தெரியும். இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றி மாற்றிப் போட்டால் கலந்துவிடும். அதற்கு முதுகிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். அவர் இப்போது திபெத்தியர் கடையில் வாங்கின ஜெர்கினைத் தவிர எதையும் தொடுவதில்லை. யாருக்காக மாற்றி மாற்றிப் போட?

அந்த வெள்ளைச் சால்வையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அக்ரிலிக், அது மட்டும் அசல் கம்பளி. நாங்கள் பேச்சில் இரண்டையுமே உல்லன் என்கிறோம், ஆனால் குணம் நேர்மாறு. அக்ரிலிக்கை மெஷினில் போட்டு எடுக்கலாம். ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் தீர்ந்தது; பளபளவென்று சப்பையாகி, துவண்டு, மறுபடி எழவே எழாது. ஒரு முன்பக்கத்தையே அப்படிக் கொன்றிருக்கிறேன். கம்பளிக்கு ஆவி பிடிக்கும். வெந்நீரில் போட்டு அலசினால்தான் இழைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு சுருங்கி, போர்வை பொம்மைச் சட்டை ஆகிவிடும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரி இருக்காது. மதியம் மூன்று மணிக்கு ஏரிப் பக்கமிருந்து மஞ்சு ஏறி வந்து கடைக்குள்ளேயே நுழையும் ஊரில் இதன் அருமை தெரியும். அக்ரிலிக் மேல் அதே மஞ்சு முத்து முத்தாக நிற்கும், அப்புறம் சில்லென்று உடம்புக்கு இறங்கும்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம். இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டரில், மன்னவனூரில், மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1965லிருந்து இருக்கிறது. பாரத் மெரினோ என்ற மென்ரோம ஆடுகள் அந்தப் புல்மேட்டில் மேய்வதை டூரிஸ்ட்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். மயிரிழையின் தடிமன் 30 மைக்ரானுக்கு (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் முப்பது பங்கு) மேல் போனால் கம்பளி தோலைக் குத்தும். மெரினோ அதை விட எவ்வளவோ மெலிசு, அதனால் வெறும் கழுத்தில் சுற்றலாம். அவ்வளவு பக்கத்தில் ஆடு. என் பையில் இருப்பது லூதியானா நூல். பூம்பாறைப் பூண்டைக் கடைத்தெருவில் கூவி விற்கிறோம், மன்னவனூர்க் கம்பளியில் ஒரு உருண்டை நூல் எங்கள் கடைத்தெருவில் என் கண்ணில் பட்டதில்லை.

சால்வையைப் பாதியிலேயே அடைத்துவிட்டேன். பாதி சால்வை என்றால் நல்ல அகலமான மஃப்ளர். குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்காமல், துண்டில் சுருட்டி மிதித்து, கட்டிலில் விரித்தேன். அந்த மழையில் காய ஐந்து நாள் ஆனது. ஐந்து நாளும் நாங்கள் இருவரும் தரையில் பாய் போட்டுப் படுத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாம் நாள் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு டீ வாங்கப் போனது அவர்தான். திருப்பிக் கேட்கவில்லை நான்.

நீலத்தை இப்போது தினம் போடுகிறேன். செம்மண்ணுக்கு ஓய்வு என்று சொல்ல ஆசை, ஆனால் துவைக்கிற அன்றைக்கு அதுதான் வருகிறது. வலது முழங்கையில் இன்னொரு ஒட்டு தேவைப்படும்.

மிச்சம் அந்த சாக்ஸ். மலையில் நாங்கள் சாக்ஸ் போட்டுச் செருப்புப் போடுகிறவர்கள். கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு அறை விட்டுப் பின்னினால்தான் வார் நுழையும். வலது காலை முடித்தபோது அறை எப்படி விட்டேன் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கண்ணியை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, டோனர் டப்பா அட்டையில் குறித்துக்கொண்டு, இடது காலை ஆரம்பித்திருக்கிறேன். குதிகால் திரும்பியாச்சு. நேற்றுக் கடையில் ஊசியில் இருபத்தொன்று வரை எண்ணியிருந்தேன். ஒரு தம்பி ஹால் டிக்கெட்டை நீட்டி, "அக்கா, இருபத்திரண்டு" என்றான்.